மேசை மேல் மாப்பிள்ளை

அந்த வீட்டில் கம்ப்யூட்டருக்கு மாப்பிள்ளை என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள்; பொருந்தவில்லை என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. வீட்டிலேயே வெளிச்சமும் காற்றும் வருகிற ஜன்னலோர மூலை அதற்குத்தான். இருக்கிற ஒரே மேசை விசிறியும் அதன் முதுகைப் பார்த்துத்தான் சுற்றும். எழுப்பினால் உடனே எழுந்திருக்காது. காபி போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால்தான் மெதுவாகக் கண்ணைத் திறக்கும். கொஞ்சம் அவசரப்படுத்தினால் முறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். இத்தனை மரியாதை வாங்கிக்கொள்கிற ஒன்றை அது இது என்று சொல்வது நன்றாக இல்லை. இனி நாமும் அவர் என்றே சொல்லலாம்.

அவருக்காக அந்த வீட்டில் ஒரு வழக்கமே உண்டாகியிருந்தது. அந்தப் பழைய கட்டடத்தின் மின்சாரம் ஒரு நிலையில் நிற்காது. மிக்ஸியோ இஸ்திரிப் பெட்டியோ ஓடத் தொடங்கினால் விளக்கு ஒரு கணம் மங்கும். விளக்கு மங்கினால் மாப்பிள்ளை மயங்கி விழுந்துவிடுவார். அதுவரை செய்த வேலை போயே போச்சு. அதனால் ஒரு ஃபைலைச் சேமிக்கும் முன் மேசையிலிருந்து "சேவ் பண்றேன்!" என்று ஒரு குரல் வரும். உடனே அடுக்களையில் மிக்ஸி நிற்கும், உள்ளறையில் இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நிற்கும். "ஆச்சு!" என்ற குரல் வந்த பிறகுதான் எல்லாம் மறுபடி நடக்கும். ஆறு வயது மகள்கூட அந்த நேரத்தில் குதிப்பதை நிறுத்திவிடுவாள். அவள் குதிப்பதற்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லாதவரை லாபம்தானே.

குரல் கொடுப்பவள் வீட்டின் இளைய மருமகள், அந்தக் குழந்தையின் அம்மா. முன்பு வேலை பார்த்த ஆபீஸில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். கடைகளின் விளம்பரப் புத்தகங்களுக்காகப் பொருட்களைப் படம் பிடித்து, பின்னணியை வெட்டி எறிந்துவிட்டு வெள்ளையில் வைத்துக் கொடுக்கிற ஆபீஸ் அது. செருப்பின் வார், கெட்டிலின் மூக்கு, பொம்மையின் தலைமுடி, எதைக் கொடுத்தாலும் ஓரம் பிசிறில்லாமல் வெட்டித் தருவாள். அந்த மாடியில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். ஒரு வருஷம் என்றுதான் விட்டாள். ஆறாகிவிட்டது. "இப்ப என்ன பண்றே?" என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். வீட்டு வேலை கேவலம் என்றில்லை. தான் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரி என்பது தனக்கே மறந்துபோய்விடுமோ என்று பயம். அந்தப் பயத்தில்தான் மகள் படம் வரைந்த தாள்களைக்கூட மாப்பிள்ளையில் ஏற்றி ஓரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் பழைய ஆபீஸ் தோழி போன் செய்தாள். தடிமனான கண்ணாடி போடுகிறவள், அதனால் எல்லாருக்கும் அவள் கண்ணாடிதான்.

"ஏய் கத்திரி, கை இன்னும் வருமா, துருப்பிடிச்சுப் போச்சா?"

"வராம எங்கடி போகும்?"

தலையணை உறைகள் விற்கிற கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே படங்களைச் சரி செய்ய ஆள் வேண்டுமாம். தேர்வுக்கு இருபத்து நான்கு படம் தருவார்கள். புது சாஃப்ட்வேரில் செய்ய வேண்டும். வெட்டு தனி அடுக்கு, நிறம் தனி அடுக்கு, நிழல் தனி அடுக்கு என்று பிரித்து அப்படியே அனுப்ப வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். ஏற்கெனவே பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள்.

"பழைய சாஃப்ட்வேர்ல செஞ்சா அவங்களால திறக்கவே முடியாதாம். உன் கம்ப்யூட்டர் நல்லா ஓடுதுல்ல?"

கத்திரி மூலையைத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தார். எழுப்பிப் பதினாலு நிமிஷம் ஆகியிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். வேறு என்ன சொல்வது?

இந்த இடத்தில் அவளுடைய ஓரகத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணவனின் அண்ணன் மனைவி. அண்ணன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். கத்திரியைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் நாம் பெரியவள் என்று கூப்பிடுவோம். தையல் சாமான் கடையில் நூல் கவுன்டர் அவளுடையது. துணியைக் கொண்டுவந்து நீட்டினால், நானூறு நூல்கண்டுகளில் அதற்குப் பொருந்துகிற ஒன்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எடுப்பாள். அவளிடமும் ஒரு தையல் இயந்திரம் இருந்தது. இரண்டு வருஷமாகக் கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு, தலையில் துவைத்த துணி மூட்டையைச் சுமந்துகொண்டு நின்றது. கடை விட்டு வந்து இரண்டு மணி நேரம் தைத்தால் அவளும் நாலு காசு பார்ப்பாள். வெளிச்சம் இருக்கிற ஒரே மூலையில்தான் மாப்பிள்ளை சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாரே.

"அந்தக் கம்பெனி வேலை கிடைச்சா மூலை உனக்கு. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள் பெரியவள். "கிடைக்கலைன்னா மாப்பிள்ளைய மரியாதையா பழைய சாமான் கடைக்கு வழியனுப்பி வெச்சிரணும். சரியா?"

"சரிக்கா" என்றாள் கத்திரி. நியாயமான பேச்சு. மறுக்க வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாஃப்ட்வேரை ஏற்றிப் பார்த்தார்கள். இந்தக் கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி இல்லை என்று பெட்டி ஒன்று திரையில் எழும்பிப் பட்டென்று சொல்லிவிட்டது. கத்திரியின் முகம் தொங்கிப்போனது. கணவன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன், தன் வீட்டுக்கு மூன்று மாடி படியேறித்தான் வருவான்.

"லிஃப்ட்ல எட்டுப் பேர்னு எழுதியிருக்கும். பத்துப் பேர் ஏறினா மணி அடிச்சுட்டு நிக்கும். அதுக்காக லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னா சொல்வோம்? ரெண்டு பேர இறக்கணும், அவ்வளவுதான். இவர் தலையில யார் யாரு உக்காந்திருக்காங்கன்னு பாப்போம்."

பார்த்தால் ஒரு கல்யாண வண்டியே ஏறியிருந்தது. ஒன்றையொன்று திருடன் என்று சந்தேகப்பட்டுக்கொண்டு இரண்டு வைரஸ் தடுப்பான்கள். யாரோ எப்போதோ ஏற்றிய எழுநூறு எழுத்துருக்கள். இல்லாத பிரிண்டரைத் தினமும் காலையில் தேடுகிற ஒரு புரோகிராம். ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கணவனின் ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து, அங்கே கேட்டு வாங்கிவந்த மெமரிப் பட்டைகள் இரண்டைச் செருகினார்கள். சாஃப்ட்வேரின் கடைசிப் பதிப்பை விட்டுவிட்டு, கம்பெனி ஏற்றுக்கொள்கிற பதிப்புகளிலேயே பழையதாகப் பார்த்து இறக்கினார்கள். தப்பு செய்தால் ஐம்பது படி பின்னால் போகலாம் என்றிருந்ததை ஐந்து படியாகக் குறைத்தார்கள். திரையின் மினுக்கல் குலுக்கல்களையெல்லாம் அணைத்தார்கள். மாலை நான்கு மணிக்கு சாஃப்ட்வேர் திறந்தது. திறக்க ஆறு நிமிஷம் ஆனது என்பதை விடுங்கள், திறந்தது. மகள் கைதட்டினாள். "மாப்பிள்ளைக்குப் புதுச் சட்டை!" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாள்.

திங்கட்கிழமை படங்கள் வந்தன. கூடவே ஒரு பார்சல்: இருபத்து நான்கு துணி மாதிரிகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், அட்டையில் குத்தி எண் போட்டவை. உறையின் நிறம் துணியின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. அந்தத் தாளில் இன்னும் பத்து வரி இருந்தது. கத்திரி எல்லாவற்றையும் படித்தாள். வெட்டு சம்பந்தப்பட்ட வரிகளை இரண்டு தரம் படித்தாள்.

ஐந்தே படி பின்னால் போகலாம் என்றால் கையை நினைத்தபடி ஓட்ட முடியாது. அவள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள் எடுத்து, எங்கே தொடங்கி எந்த வழியாக வெட்டுவது என்று முதலில் பென்சிலால் வரைந்துகொண்டாள். அப்புறம்தான் மவுஸைத் தொட்டாள். உறைகளின் ஓரத்தில் குஞ்சம் வேறு. ஒரு உறைக்கு நாற்பது குஞ்சம், ஒரு குஞ்சத்துக்கு இருபது இழை. இரண்டாம் நாள் கை பழைய ஓட்டத்துக்கு வந்துவிட்டது. இழை இழையாகப் பிரிந்து வெள்ளையில் வந்து நின்றபோது அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது. வெட்டி முடித்ததும் துணி மாதிரியைத் திரையின் பக்கத்தில் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, நிறத்தை இழுத்து இழுத்து ஒத்துப்போக வைத்தாள். "சேவ் பண்றேன்!" என்றாள். வீடு நின்றது. "ஆச்சு!" என்றாள். வீடு ஓடியது. இப்படி நான்கு நாள்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு இருபத்து நான்காவது படமும் முடிந்தது. ஒரு நாள் முன்னதாகவே! சீக்கிரம் வீடு திரும்பிய கணவனின் போனுக்கு நாலு படங்களை அனுப்பிக் காட்டினாள்.

"ஜோரா இருக்கு" என்றான் அவன்.

"கலர்?"

"என்னைக் கேக்குறியே. எனக்குத் தெரிஞ்சது சிவப்பு, பச்சை. லிஃப்ட்ல ரெண்டே லைட்டுதான்."

ஐந்தரைக்குப் பெரியவள் கடையிலிருந்து வந்தாள். பையைக் கீழே வைக்குமுன் மகள் போனைக் கொண்டுபோய் நீட்டினாள். "பெரியம்மா, அம்மா முடிச்சுட்டா!" பெரியவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. மேசையிலிருந்து மாதிரி அட்டையை எடுத்துக்கொண்டு பால்கனிக் கதவுக்குப் போனாள். வெளியில் இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. அட்டையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

அடுக்களையில் அவள் என்ன நினைத்தாள் என்பது அவளுக்கே வெளிச்சம். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்க அவ்வளவு நேரம் யாருக்கும் ஆகாது. திரும்பி வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

"இதச் சொல்லாம இருந்தா எனக்கு ராத்திரி சோறு இறங்காது. இந்தத் துணி வேற, நீ போட்டிருக்கிற கலர் வேற. எல்லாத்துலயும் நீலம் ஏறிக் கிடக்கு."

"திரையில வெச்சுப் பாத்துத்தான்கா போட்டேன். ஒவ்வொண்ணா."

"பாத்திருப்பே. ஆனா தப்பு."

நான்கு நாள் உழைப்பு. கத்திரிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "உங்களுக்கு மூலை வேணும். அதானே?"

சொன்னவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான். பெரியவள் கையிலிருந்த போனை மேசையில் வைத்தாள்.

"மூலை வேணும்னா நான் பேசாம இருந்திருக்கணும்டி" என்றாள். குரல் உயரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கத்திரிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உண்மைதானே? வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளை மாலை ஐந்து மணிக்கு மூலை தானாகவே அவள் கைக்கு வந்திருக்கும். கணவனின் போனை எடுத்தாள், அதே படங்களைத் தன் போனுக்கும் அனுப்பிக்கொண்டாள், பால்கனிக்குப் போனாள். மாதிரி அட்டையில் ஏழாம் எண் காய்ந்த மண் நிறம். இரண்டு போனிலும் அது ஈரச் சிமென்ட் நிறத்தில் இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே அப்படித்தான். ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் திரையில் இருந்த வெள்ளைக்குப் பக்கத்தில் பிடித்தாள். திரையின் வெள்ளை, பழைய செய்தித்தாள் மாதிரி மஞ்சளாக இருந்தது. பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகியிருக்கிறது. தினமும் பார்க்கிற முகத்தில் நரை தெரியாததுபோல ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மஞ்சளை ஈடுகட்டத்தான் அவள் ஒவ்வொரு படத்திலும் நீலத்தை ஏற்றியிருந்தாள், அதுவும் அத்தனை சிரத்தையாக.

கம்பெனி தந்த தாளை மறுபடி எடுத்துப் படித்தாள். எட்டாவது வரி: சாம்பல் அட்டையை வைத்து நிறத்தைச் சரி செய்யவும். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பழைய ஆபீஸில் வெட்டுகிறவர்கள் வேறு, நிறம் பார்க்கிறவர்கள் வேறு. நிறத்துக்கு அடுத்த அறை. சில படங்களின் மூலையில் சாம்பல் நிற அட்டை ஒன்று நின்றதை அவள் பார்த்தாள்தான். பார்த்ததும் என்ன செய்தாள்? கத்திரி என்ன செய்வாளோ அதைச் செய்தாள். வேண்டாத குப்பை என்று முதல் வேலையாக வெட்டி எறிந்தாள்.

நல்லவேளை, வந்த படங்கள் தொடாமல் தனியாக இருந்தன. அவற்றில் ஒன்றைத் திறந்து, அட்டையின் மேல் குறியை வைத்தாள். ஓரத்தில் சிவப்புக்கு ஒரு எண், பச்சைக்கு ஒரு எண், நீலத்துக்கு ஒரு எண். சாம்பல் என்றால் மூன்றும் சமமாக இருக்க வேண்டும். அவற்றைச் சமமாக்கினால் படத்தின் நிறம் தானே சரியாகிவிடும். திரை மஞ்சளாக இருந்தால் என்ன, ஊதாவாக இருந்தால் என்ன? எண்ணுக்கு வயதாவதில்லை. படங்களை மூன்று நாட்களில் எடுத்திருந்தார்கள். நாளுக்கு ஒரு அட்டை, ஆக மூன்று கணக்கு. வெட்டு தனி அடுக்காக இருந்ததால் அதைத் தொட வேண்டியதில்லை. தப்பான நிற அடுக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது ஒன்று போட்டால் போதும். ஒரு படத்தைத் திறக்க, மாற்ற, சேமிக்க மாப்பிள்ளைக்குப் பதினொரு நிமிஷம். மாலை வேளையில் கட்டடம் முழுக்கச் சமையல், மின்சாரத்தை நம்ப முடியாது. விடிந்ததும் தொடங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. போய்க் கதவைத் தட்டினாள்.

"அக்கா, நான் பேசினது தப்பு. மன்னிச்சுருங்க. நீங்க சொன்னது அத்தனையும் சரி."

உள்ளேயிருந்து "சரின்னு எனக்கே தெரியும்" என்று பதில் வந்தது. "நாளைக்கு எத்தனை மணிக்கு மாப்பிள்ளைய எழுப்பப் போறே?"

"ஆறு."

"கடைக்கு லீவு சொல்லிடறேன். உன் கண்ண நம்பி இனிமே ஒண்ணையும் அனுப்ப முடியாது."

கத்திரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த வார்த்தையில் மன்னிப்பு இருந்தது, வழக்கமான குத்தலும் இருந்தது. இரண்டும் இருந்தால்தான் அது பெரியவள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மாப்பிள்ளையை எழுப்பினார்கள். கத்திரி எண்களைப் போட்டு, சின்னப் பிரதி ஒன்றைப் போனுக்கு அனுப்புவாள். பால்கனிக் கதவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவள், மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து "ம்" என்பாள். ம் என்றால் சரி. சில சமயம் "ஒரு பொட்டு சிவப்பு" என்பாள். பொட்டு என்றால் இரண்டு எண் என்று மூன்றாவது படத்திலேயே கத்திரி புரிந்துகொண்டாள். "சேவ் பண்றேன்!" என்ற குரலும் இப்போது மேசையிலிருந்து வரவில்லை. பால்கனியிலிருந்து பெரியவள்தான் கத்தினாள். வருஷக்கணக்காக அந்தக் குரலைக் கேட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து அலுத்துப்போனவள், மாடிப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

பதினோரு மணிக்குப் பதினாறு படம் முடிந்தது. பதினேழாவதில் வண்டி நின்றது.

"இது சரியில்ல."

"நம்பர் மூணும் சமமா இருக்குக்கா."

"இருக்கட்டும். சரியில்ல." பெரியவள் மாதிரியை விரலில் தேய்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு போனில் படத்தைப் பெரிதாக்கி மூக்கருகே கொண்டுபோனாள். "அடக் கடவுளே. கத்திரி, இங்க வா!"

பெரியவள் அந்தப் பெயரை உபயோகித்தது அதுதான் முதல் தடவை. போனில் கண்ணாடி கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் போலிருக்கிறது. கத்திரி ஓடினாள்.

"துணியப் பாரு. முன்பக்கம் கோடு சாஞ்சு ஓடுது, பளபளன்னு இருக்கு. பின்பக்கம் மங்கல், கோடு எதிர்ப்பக்கமா சாயுது. படத்துல எந்தப் பக்கம் தெரியுது?"

கத்திரி பார்த்தாள். பின்பக்கம். உறையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி தைத்து, அப்படியே படமும் எடுத்திருக்கிறார்கள். தைத்தவர்கள் பார்க்கவில்லை, படம் எடுத்தவர்கள் பார்க்கவில்லை. நிறத்தை எவ்வளவு இழுத்தாலும் அது சரியாக வராது. வந்தால்தான் தப்பு.

"என்னக்கா பண்றது? மாதிரியில இருக்கிறபடியே கலர ஏத்திடவா?"

"ஏன், பொய் சொல்லவா? வாங்குறவ வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாத்துட்டு வயிறெரிவா. உள்ளத உள்ளபடி எழுதி அனுப்பு."

படத்தை எண்ணுக்குச் சரியாக விட்டுவிட்டு, கத்திரி கீழே ஒரு குறிப்பு எழுதினாள்: பதினேழாம் உறை துணியின் மறுபக்கம் வெளியே வரும்படி தைக்கப்பட்டிருக்கிறது, நிறம் மாதிரியோடு ஒத்துப்போகாததற்கு அதுவே காரணம். எழுதும்போது பயமாகத்தான் இருந்தது. வேலை கேட்டு நிற்கிறவள் வேலை கொடுக்கிறவர்களின் தப்பை எடுத்துக் காட்டலாமா? பெரியவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததால் அழிக்கவில்லை.

பகல் ஒன்றரைக்கு மாப்பிள்ளை தன் குணத்தைக் காட்டினார். இருபத்து மூன்றாவது படத்தின் நடுவில் சின்னச் சக்கரம் சுற்றத் தொடங்கியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றும்போது மவுஸில் கை வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். மின்விசிறியை இன்னும் கிட்டே நகர்த்தினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வாசலிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் மணி, அரை மணி. முக்கால் மணியில் சக்கரம் நின்றது. படம் ஒரு கீறலில்லாமல் திரும்பி வந்தது. "சும்மா பயமுறுத்தினாரும்மா" என்றாள் மகள். மூன்று மணிக்கு இருபத்து நான்கும் முடிந்தன. அனுப்பத் தொடங்கி, கடைசி ஃபைல் போய்ச் சேர்ந்தபோது நான்கு நாற்பத்தாறு. கத்திரி நாற்காலியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். பெரியவள் அடுக்களைக்குப் போய், நாள் முழுக்க ஓடாதிருந்த மிக்ஸியைப் பழிதீர்க்கிற மாதிரி ஓட்டினாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பதில் வந்தது. கத்திரி தனியாக இருந்தாள். முதல் வரியில் வேலை என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத்துகள் கலங்கிவிட்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். அடுத்த வாரத்திலிருந்து வேலை. முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள், பிறகு நிரந்தரம். வெட்டு மிக நேர்த்தி என்று எழுதியிருந்தார்கள். பதினேழாம் உறையைப் பற்றிச் சொன்னது அவள் ஒருத்திதானாம். மற்றவர்கள் எல்லாரும் நிறத்தை ஏற்றி ஒத்துப்போக வைத்திருந்தார்களாம். உடனே தைப்பதை நிறுத்திவிட்டோம், நன்றி என்று இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி: நிறம் பார்த்தது நீங்களா, வேறு யாராவதா? புதுத் துணி வரும்போதெல்லாம் படத்தையும் துணியையும் ஒப்பிட்டுச் சொல்ல எங்களுக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது.

ஐந்தரைக்குப் பெரியவள் படியேறி வந்தாள். விஷயத்தைக் கத்திரியின் கணவன் போனில் சொல்லியிருந்தான். "கேள்விப்பட்டேன். நல்லா இரு. மூலை உனக்குத்தான், நான் பேச்சு மாற மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாப்பிள்ளையின் மேசை சுவரோடு ஒட்டி நகர்ந்திருந்தது. ஜன்னலின் மறுபாதியில், பிளாஸ்டிக் உறை கழற்றித் துடைத்து எண்ணெய் போட்ட தையல் இயந்திரம். துணி மூட்டை எங்கே போனதோ தெரியவில்லை. மேசை விசிறி மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தையல் இயந்திரத்தின் முன்னால் கிடந்த ஸ்டூலைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை கோவிச்சுக்க மாட்டாரா?" என்று மகள் கேட்டாள்.

"கோவிச்சுக்கட்டும். பத்து வருஷம் காத்து வாங்கியாச்சு, போதும்" என்றாள் கத்திரி. "அக்கா, உக்காருங்க. உங்களுக்கு ஒரு கடிதாசு வந்திருக்கு."

கேள்வியைப் படித்துக் காட்டினாள். பெரியவள் இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். மூன்றாம் தரம் தானே வந்து, மஞ்சள் திரையில் மூக்கை வைத்துப் படித்தாள். போய் ஸ்டூலில் உட்கார்ந்து, கிடைத்த துண்டுத் துணி ஒன்றை ஊசிக்கடியில் கொடுத்து மிதிக்கத் தொடங்கினாள். இயந்திரம் படபடவென்று ஓடியது. அவள் முகத்தைத் துணிக்கு நேராகக் குனிந்து வைத்துக்கொண்டதால் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது.

"என்னக்கா எழுத?"

"கடை விட்டு வந்து பாப்பேன்னு எழுது. பகல் வெளிச்சத்துலதான் பாப்பேன்னும் எழுது."

கத்திரி அப்படியே எழுதினாள். முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் "சேவ் பண்றேன்!" என்று குரல் கொடுத்தாள்.

மகள் குதிப்பதை நிறுத்தினாள். பெரியவள் சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டாள். இயந்திரம் பாதித் தையலில் நின்றது. வீட்டில் ஓர் இலை அசையவில்லை.

"ஆச்சு!"

அது காலால் மிதிக்கிற இயந்திரம், அதற்கு மின்சாரமே கிடையாது என்பது அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. பெரியவள்தான் முதலில் சிரித்தாள்.